தராசு பாவா

கல்முனைக்குடிக் கடற்கரையில் அந்த வருடம் மீன் குறைவு, சனம் அதிகம். மருதமுனையிலிருந்து நடந்து வந்தார்கள். நிந்தவூரிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். அக்கரைப்பற்று பஸ் சரியாக நிற்கும்வரைகூடப் பொறுக்காமல் பெண்கள் இறங்கி ஓடினார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை, எல்லார் கையிலும் பன்புல்லில் இழைத்த ஒரு பன்பெட்டி. பிள்ளை மெலிந்திருக்கும், பெட்டி கனத்திருக்கும்.

எல்லாரும் தேடி வந்தது தராசு பாவாவை.

பாவா எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் விரலை மேலே காட்டுவார். பக்தாதிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றார்கள் சிலர். கப்பலே இல்லை, அலைமேல் நடந்து வந்தார் என்றார்கள் அவர்களைவிட விசயம் தெரிந்தவர்கள். அலைமேல் நடந்தவர், வந்த அன்று மட்டக்களப்பு பஸ்ஸில் மிச்சக் காசுக்காகக் கொண்டக்டரோடு சண்டை பிடித்ததைக் கண்ட ஆட்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் கண்ட ஆட்களைவிடக் கேட்ட ஆட்கள் அதிகம். எந்த ஊரிலும் கேட்டவன் பேச்சுத்தானே எடுபடும்!

பாவாவின் பறக்கத்து, அதாவது அருள், ஒன்றே ஒன்று. மெலிந்த பிள்ளையைக் கொழுக்க வைப்பார். அடுத்த மாதம் இல்லை, நாளைக்கும் இல்லை. உங்கள் கண்முன்னால், நீங்கள் ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள்.

ஆளில்லாமல் கிடந்த மீன்வாடிக் குடிசை ஒன்றைப் பச்சைத் துணியால் சுற்றியிருந்தார். மீன் வாடைக்குச் சாம்பிராணி. கூரை வளையில் ஒரு பெரிய தராசு தொங்கியது. ஒரு முனையில் பிள்ளையைக் கிடத்தச் சீலை ஏணை. மறு முனையில் தட்டு. தட்டில் ஏற்றுவதற்குப் பக்தாதுக் கல். கருகருவென்று, ஒரே அளவில் கொத்திய கல். அந்த மாதம் பிரதான வீதிக்குத் தார் போடுவதற்காக இறக்கிய கல்லும் இதே நிறம், இதே அளவு. அது தற்செயலாக இருக்கலாம். பக்தாதிலும் வீதி போடத்தானே செய்வார்கள்!

தாய் பிள்ளையை ஏணையில் கிடத்துவாள். கண்ணூறு படாதிருக்க மேலே பச்சைப் போர்வை. பாவா கல்லை ஏற்றுவார். "ஏழு கல்லு!" என்று உரக்கச் சொல்வார். கூட்டம் உச்சுக்கொட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். தராசுத் தண்டை நடுவில் பிடித்து ஊதுவார், முத்தமிடுவார், கையை எடுப்பார். ஏணை சரேலென்று இறங்கும். இன்னுமொரு துண்டுக் கல் போட்டால்தான் தட்டு சமமாகும்.

"அரைக்கல்லு கூடிட்டு!"

சனம் ஆர்ப்பரிக்கும். தாய் அழுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் பிள்ளை பழையபடி ஏழு கல். "கூடின சதைய ஜின்னு திண்டிட்டு" என்பார் பாவா. மறுபடி ஓதுவார். மறுபடி அரைக்கல் கூடும். கிழமைக்குக் கிழமை அரைக்கல் கூடுகிற பிள்ளை மாதக் கடைசியிலும் ஏன் ஏழு கல்லிலேயே நிற்கிறது என்று விரல் மடக்கிப் பார்க்க ஒருவருக்கும் வசதிப்படவில்லை. எல்லார் விரலும் பெட்டியைப் பிடித்திருந்தன.

அந்தப் பெட்டிக்குள் என்ன? அதைப் பாவாவின் வாயாலேயே கேட்கலாம். காரைதீவுப் பக்கத்து மீனவர் கனகரெத்தினம் தன் மகளின் பிள்ளையோடு வந்து நின்ற நாளில் நடந்த கதை இது.

"புள்ளைக்கு என்ன குடுக்கிறயள்?"

"மீன் அவிச்சுக் குடுக்கிறம் பாவா. முட்டையும், பருப்புத் தண்ணியும்."

"அதுதானே பாத்தன்! இவ்வளவு தீனி கிடைச்சா ஜின்னு எப்பிடிப் போகும்? நீங்க குடுக்கிற முட்டை புள்ளைக்குப் போகுதெண்டா நினைச்சயள்? ஜின்னுக்குப் போகுது! மீன், முட்டை, கோழி, பருப்பு, கீரை ஒண்டும் குடுக்கப்படாது. ஜின்னப் பட்டினி போடுங்க. புள்ளைக்கு நான் ஓதித் தாற அரிசித் தண்ணி போதும்."

"அப்ப, வீட்டில இரிக்கிற முட்டையும் கோழியும்?"

"வீட்டில வெச்சா ஜின்னு வாசம் புடிச்சு வரும். இஞ்ச கொண்டு வாங்க. நான் அடக்குறன்."

அடக்கினார். வாடிக்குப் பின்னால் அடுப்பு அணையவே இல்லை. அந்தக் கடற்கரையில் உண்மையாகவே நிறை கூடிய உயிர் ஒன்று உண்டென்றால் அது பாவாதான். வந்தபோது தொளதொளவென்று கிடந்த ஜிப்பா இப்போது தையலைப் பிய்த்துக்கொண்டு நின்றது. அவரை மட்டும் யாரும் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் இமாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எழுந்து, இது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று சொன்னார். சனம் தலையைக் குனிந்து பணிவாகக் கேட்டது. தொழுது முடித்து நேரே வாடிக்குப் போனது.

ஸைனுலாப்தீன் முதலாளி இதையெல்லாம் முதலில் பொருட்படுத்தவில்லை. சந்தை வீதியில் அவருக்குக் கடை. அரிசி, பருப்பு, கருவாடு, முட்டை. பருப்பு மூட்டை அவிழ்க்காமலேயே கிடந்து வண்டு வைத்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. பகுத்தறிவு சிலருக்குப் புத்தகத்திலிருந்து வரும். அவருக்குப் பருப்பு மூட்டையிலிருந்து வந்தது.

"ஊரில ஒருத்தரும் பருப்புத் தின்னுறல்லயா கா?" என்று வீட்டில் வந்து சீறினார்.

"மெல்லக் கதைங்க" என்றாள் மனைவி ஜுனைதா. "நம்மட றிஸ்விக்கும் நிப்பாட்டித்தான் இரிக்கி."

றிஸ்வி, இவர்கள் மகள் சுஹறாவின் பிள்ளை. நடை பழகுகிற வயது. மருமகன் சவூதியில். சின்னமுத்து அம்மை வந்து எழும்பியதிலிருந்து பிள்ளை தேறவில்லை. அதனால் ஜுனைதா வெள்ளிக்கிழமை தவறாமல் அவனைப் பாவாவிடம் தூக்கிப் போனாள். வீட்டுக் கோழி இட்ட முட்டை அத்தனையும் நீலக்கரை வைத்த அவளுடைய பன்பெட்டியில் அவனோடு போனது.

"அந்த ஆள் கள்ளன்" என்றார் ஸைனுலாப்தீன்.

"கண்ணால கண்ட நான். அரைக்கல்லு கூடின. நீங்க ஒருக்கா வந்து பாத்திட்டுக் கதைங்க."

போய்ப் பார்த்தார். கூட்டம் ஏணையையே பார்த்துக்கொண்டு நின்றது. தட்டைப் பார்த்தது. பாவாவின் மூடிய கண்களைப் பார்த்தது. ஸைனுலாப்தீன் இதில் எதையும் பார்க்கவில்லை. தராசோடு பிழைக்கிறவன் பார்க்கிற இடம் வேறு. அவர் பாவாவின் சுண்டுவிரலைப் பார்த்தார்.

தண்டை நடுவில் தாங்குகிற வளையம் நிற்க ஒரு பள்ளம் போதும். பாவாவின் தண்டில் இரண்டு பள்ளம் இருந்தது. ஊதும்போதும் முத்தமிடும்போதும் சுண்டுவிரல் வளையத்தை முதல் பள்ளத்திலிருந்து தூக்கி அடுத்ததில் வைத்தது. ஒரு நெல் நீளம்தான் வித்தியாசம். ஏணைப் பக்கத் தண்டு அவ்வளவு நீண்டால் போதும், ஏணை தானாகக் கீழே வரும். பிள்ளை கொழுக்க வேண்டியதில்லை.

அந்தச் சுண்டுவிரலை ஸைனுலாப்தீன் நன்றாக அறிவார். முப்பது வருடமாக அவருடைய கையில் இருக்கிற சுண்டுவிரல் அது. வாப்பா கடையைக் கொடுத்தபோது தராசையும் கொடுத்து, இரண்டு பள்ளத்தையும் தடவிக் காட்டித்தான் கொடுத்தார்.

பாவா கண்ணைத் திறந்தார். முதலாளியின் பார்வை எங்கே நிற்கிறது என்று கண்டார். ஒரு கணம் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

அடுத்த நாள், சந்தை அடங்கிய மத்தியான நேரத்தில் பாவாவே கடைக்கு வந்தார். தொங்கிய தராசை ஏற இறங்கப் பார்த்தார். தண்டில் நடு வளையத்தைச் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது நகர்ந்தது.

"அழகான தராசு முதலாளி."

ஸைனுலாப்தீன் எழும்பி வந்து வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்.

"தராசுக்காரன் தராசுக்காரனக் காட்டிக் குடுக்கிறல்ல" என்றார் பாவா. "உங்கட பருப்புக்கு நட்டம் வந்தது எனக்குக் கவலைதான். வாடியில முட்டை குமிஞ்சு கிடக்கு. ஜின்னு இவ்வளவு தின்னாது. நாளையிலிருந்து உங்கட கடைக்கே அனுப்புறன். வித்துப் பாதியத் தாங்க."

முட்டை வந்தது. ஸைனுலாப்தீனுடைய பகுத்தறிவு வந்த வழியே திரும்பிப் போனது. அன்றிரவு ஜுனைதா, "பாவாவப் பத்தி என்ன நினைக்கிறயள்?" என்று கேட்டபோது, "நமக்கென்ன கா தெரியும், பெரியாக்கள்ட விசயம்" என்றார்.

இப்படியாக ஊரில் முட்டை ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. கோழி இட்டது. தாய் பிள்ளைக்குக் கொடுக்காமல் பாவாவுக்குக் கொண்டுபோனாள். பாவா கடைக்கு அனுப்பினார். பாவாவுக்குக் கொண்டுபோக வீட்டில் முட்டை போதாத தாய் கடையில் வந்து அதையே வாங்கினாள். முட்டை சுற்றிக்கொண்டேயிருந்தது. பிள்ளையின் வாயைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது.

சில மாதம் கழிந்தது. றிஸ்வியின் கன்னம் உப்பியது. கால் பொதுபொதுவென்று வந்தது. ஜுனைதா அயலுக்கெல்லாம் காட்டினாள். "பாருங்க, கொழுகொழுண்டு!" ஆனால் பிள்ளை சிரிக்கவில்லை. நடக்கப் பழகியவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். தலைமயிர் செம்பட்டையாகி உதிர்ந்தது. பந்தை உருட்டிவிட்டால் அது போகிற பக்கம் கண்ணும் போகவில்லை. சுஹறா மட்டும் அவனை மடியை விட்டு இறக்காமல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அந்தப் பகுதிக்கு மருத்துவிச்சி சாரதாதேவி. காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். பாவாவை நம்ப வேண்டாமென்று மாதக் கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய கிளினிக்கிலும் ஒரு தராசு இருந்தது. அதில் பிள்ளைகளின் நிறை குறைந்துகொண்டே போனது. பாவாவின் தராசில் கிழமைக்குக் கிழமை அரைக்கல் கூடியது. எந்தத் தராசை நம்புவது? கூட்டிக் காட்டுகிற தராசைத்தான்!

கிளினிக்கில் தாய்மார் இல்லாததால் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு நாள் காலையில் றிஸ்வியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் சுஹறா ஓடிவர, நேராகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"காக்கா" என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார். "உங்கட பேரன இஞ்ச பாருங்க."

"பாத்தன் மிஸ். நல்லாக் கொழுத்திரிக்கான்."

சாரதாதேவி பிள்ளையின் புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். ஈரக் களிமண்ணில் பதிந்ததுபோல விரல் இருந்த இடம் குழியாகவே நின்றது. ஸைனுலாப்தீன் குழி எழும்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அது எழும்பவில்லை.

"இது சதை இல்ல காக்கா. தண்ணி. வெறும் அரிசித் தண்ணியில வயிறு நிறையும், உடம்பு கட்டாது. மீனும் முட்டையும் பருப்பும் இல்லாம இந்த வயசுப் புள்ளைக்கு எதால சதை வைக்கும்? சொல்லுங்க. கடல் உங்கட வாசல்ல கிடக்கு, பருப்பு உங்கட கடையில கிடக்கு. இந்தப் புள்ளை பட்டினியில வீங்கிக் கிடக்கு."

"பட்டினியா? என்ட வீட்டிலயா?"

"ஓம். உங்கட வீட்டில. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி, பிறகு என்னக் கேக்கப்படாது."

ஸைனுலாப்தீனின் கண் மேசைமேல் போனது. பாவா அனுப்பிய முட்டை அன்று காலை வந்து இறங்கியிருந்தது. நீலக்கரை வைத்த பன்பெட்டி. ஜுனைதா தன் கையால் இழைத்தது. உள்ளே அவருடைய வீட்டுக் கோழியின் முட்டை. அவருடைய பேரன் தின்றிருக்க வேண்டிய முட்டை. அவர் விற்பதற்கு வந்திருந்தது.

ஸைனுலாப்தீன் கடையைப் பூட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கினார். சுஹறாவும் மருத்துவிச்சியும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை ஜுனைதாவின் முன்னால் வைத்தார்.

"இது எப்பிடி உங்கட கையில?"

சொன்னார். பாவாவின் சுண்டுவிரலைச் சொன்னார். முட்டைக் கணக்கைச் சொன்னார். பிள்ளையின் காலில் எழும்பாத குழியைச் சொன்னார். தன் சுண்டுவிரலைச் சொல்வதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதையும் சொன்னார்.

ஜுனைதா அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். பெட்டியையே பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறன். ஆனா நாளைக்கு வெள்ளி. அதுக்கிடையில எனக்கு ஒண்டு தெரிய வேணும். நீங்க சொல்லுறது உண்மையா, பாவா செய்யிறது உண்மையா? கடையில பெரிய இரும்புப் படிக்கல்லு இரிக்கிதானே?"

"அஞ்சு கிலோப் படி. இரிக்கி."

"அதப் புள்ளையப் போல சுத்திக் கொண்டு போவம். பாவா ஓதட்டும். இரும்பு கூடாட்டி நீங்க கள்ளன். கூடினா அவன் கள்ளன்."

ஊரெல்லாம் மாதக் கணக்காக யோசிக்காததை அவள் ஒரு பெட்டியைப் பார்த்த நேரத்துக்குள் யோசித்துவிட்டாள். ஸைனுலாப்தீன் கடைக்குப் போய்ப் படிக்கல்லை எடுத்துவந்தார். இறாத்தல் போய்க் கிலோ வந்த புதிதில் வாங்கிய படிக்கல் அது. அரசாங்க முத்திரை குத்தியது. அவருடைய கடையில் நேர்மையான சாமான் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை. வாடிக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. ஜுனைதா முக்காட்டை இழுத்து மூடி, நெஞ்சோடு ஒரு பொட்டலத்தை அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். இடைக்கிடை தட்டிக் கொடுத்தாள். "சூ… சூ…" என்று சமாதானம் சொன்னாள். பக்கத்தில் நின்றவள், "அழாத புள்ளை போல" என்று மெச்சினாள்.

"ஓம், நல்ல அடக்கம்" என்றாள் ஜுனைதா.

பெண்களை நிமிர்ந்து பார்க்காதவர் என்பது பாவாவின் பெருமைகளில் ஒன்று. அன்றைக்கு அந்தப் பெருமைதான் அவரை விழுத்தியது. பொட்டலம் ஏணையில் ஏறியது. பச்சைப் போர்வை மூடியது. கல் ஏறியது.

"அஞ்சு கல்லு! பாவம், கைக்குழந்தை. ஜின்னு உறிஞ்சிட்டு" என்றார் பாவா. கண்ணை மூடினார். ஊதினார். முத்தமிட்டார். ஏணை சரேலென்று இறங்கியது.

"அரைக்கல்லு கூடிட்டு!"

சனம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, ஸைனுலாப்தீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாவா, சதை எங்க வெச்சிரிக்கி? கன்னத்திலயா, துடையிலயா?"

பாவாவின் கண் கொஞ்சம் உருண்டது. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டிலயும்தான். புள்ளைட முகத்தில ஒளி வந்திரிக்கி."

"ஜுனைதா, ஒளியக் காட்டு."

ஜுனைதா போர்வையை எடுத்தாள். சீலையை விரித்தாள். காலை வெயிலில் அரசாங்க முத்திரையோடு அஞ்சு கிலோ இரும்பு பளபளத்தது.

முதலில் சிரித்தது கனகரெத்தினத்தின் இடுப்பிலிருந்த பிள்ளை. ஏன் சிரித்ததோ தெரியாது. பிறகு பின்வரிசையில் ஒருவன் கெக்கலித்தான். சிரிப்பு வாடியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

பாவா லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினார். "சுப்ஹானல்லாஹ்! பாத்தயளா! இரும்புக்கே பறக்கத்து இறங்கிட்டு!"

இங்கேதான் நம்முடைய சனத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். "அதானே! இரும்பே கொழுத்திட்டே!" என்றார் ஒருவர். இன்னொருவர் தன் மண்வெட்டியை எடுத்துவர வீட்டுக்குப் புறப்பட்டார்.

ஸைனுலாப்தீன் தலையில் கைவைத்தார். பிறகு, தண்டைத் தொடப்போன பாவாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். "நீங்க அதத் தொடப்படாது. ஜுனைதா, இரும்ப எடு. கனகரெத்தினம், கல்லு முழுக்க எடுங்க. தட்டு வெறும் தட்டா இரிக்கட்டும்."

எடுத்தார்கள். தட்டில் ஒன்றுமில்லை. ஏணையில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஏணை கீழேயே நின்றது.

"ஏணைக்குள்ள என்ன இரிக்கி?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்குமா சதை வெச்சிட்டு?"

அவர் எட்டி வளையத்தை முதல் பள்ளத்தில் வைத்தார். தண்டு நேராக நின்றது. அடுத்த பள்ளத்தில் வைத்தார். ஏணை இறங்கியது. மறுபடி முதல் பள்ளம், மறுபடி அடுத்தது. "இது புள்ளை கொழுக்கிற பள்ளம். இது புள்ளை மெலியிற பள்ளம். ஓதுறது வாய், வேலை செய்யிறது சுண்டுவிரல்."

மண்வெட்டிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கனகரெத்தினம் கிட்ட வந்து வளையத்தைத் தானும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "முதலாளி, இது உங்களுக்கு எப்பிடி இவ்வளவு வடிவாத் தெரியும்?" என்றார்.

பாவாவுக்கு உயிர் வந்தது. "கேளுங்க, நல்லாக் கேளுங்க! நான் கிழமைக்கு ஒருக்காச் செய்யிறத இந்த மனிசன் நாள் முழுக்கச் செய்யிறார்! இவர்ட கடைத் தராசையும் போய்ப் பாருங்க!"

தன் வித்தையைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

எல்லாக் கண்ணும் ஸைனுலாப்தீன் பக்கம் திரும்பியது. கடை, பேர், வாப்பாவின் பேர், எல்லாம் அவர் முன்னால் ஒரு கணம் ஆடியது. பேரனின் காலில் எழும்பாத குழியும் ஆடியது.

"ஓம்" என்றார். "என்ட தராசிலயும் ரெண்டு பள்ளம் இரிக்கி. அதாலதான் இவன்ட விரல் எனக்கு விளங்கின. விளங்கியும் வாய மூடிக்கொண்டு இருந்தன். என்ட பேரன் இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கான். கடைக்கு வாங்க, என்ன செய்ய வேணுமோ செய்யுங்க. அதுக்கு முந்தி ஒவ்வொருத்தரும் புள்ளைட காலில விரல வெச்சு அமத்திப் பாருங்க. குழி எழும்பாட்டி இஞ்ச நிக்காதீங்க, ஓடுங்க."

பெண்கள் மணலில் குந்தினார்கள். ஒவ்வொருத்தியும் பிள்ளையின் காலில் விரலை வைத்தாள். அதன் பிறகு அந்த வாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒரு தாய் எழும்பி ஓடினாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பாவாவை மறித்து நியாயம் கேட்க ஆண்கள் திரும்பியபோது அவர் வாடியின் பின்பக்கத்தால் இறங்கி வெகுதூரம் போயிருந்தார். அவ்வளவு கொழுப்பை வைத்துக்கொண்டு மணலில் அப்படி ஓடியதுதான் அவர் செய்த ஒரே அற்புதம்.

ஆஸ்பத்திரியில் றிஸ்விக்கு முதலில் வீக்கம் வற்றியது. வற்றியதும் எலும்பு தெரிந்தது. "மெலிஞ்சிட்டானே!" என்று ஜுனைதா பதறினாள். "தண்ணி போகுது அம்மா, இனித்தான் சதை வரும்" என்றார் சாரதாதேவி. பால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு முட்டை. பிறகு பருப்போடு மசித்த சோறு. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், ஸைனுலாப்தீன் சாப்பிடும்போது அவருடைய சோற்றுக் கோப்பையிலிருந்த கீரிமீன் துண்டைப் பிள்ளை எட்டிப் பறித்து வாயில் வைத்தான். எடுக்கப் போனால் வீறிட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுஹறா குசினி அடுப்படியில் நின்று அழுதாள்.

எல்லாப் பிள்ளைக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நிந்தவூர்ப் பிள்ளை ஒன்று ஆஸ்பத்திரி வாசலைக் காணவில்லை. ஜின் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். ஜின் பாவம். தான் செய்யாத குற்றத்துக்கு அதற்கு வாதாட ஆளில்லை.

சொன்னபடி ஊர் கடைக்கு வந்தது. ஸைனுலாப்தீன் பழைய தண்டைக் கழற்றி எல்லார் முன்னாலும் இரண்டாக வளைத்துப் போட்டார். புதுத் தராசு வாங்கித் தொங்கவிட்டார். நிறுக்கும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். நேர்மையாக நிறுத்தால் கடையைப் பூட்ட வேண்டி வரும் என்று வாப்பா அடிக்கடி சொல்லியிருந்தார். பூட்டவில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான் போலும்!

அடுத்த வருடம் பொத்துவிலிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். முழக்கோல் பாவா. குள்ளமான பிள்ளையை ஓதி உயர்த்துகிறாராம். கண்முன்னாலேயே நான்கு விரற்கடை கூடுகிறதாம். செய்தியைக் கடைக்குக் கொண்டுவந்தவர், அன்று மண்வெட்டிக்குப் போனவர்தான்.

"உண்மையாத்தான் இரிக்குமோ முதலாளி?" என்றார். "பஸ் எத்தனை மணிக்கெண்டு தெரியுமா?"

பிள்ளையின் உடம்பு வளர என்ன கொடுக்க வேண்டும் என்று சாரதாதேவி கிளினிக் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறார். மீன், முட்டை, பருப்பு, கீரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெரிய தலைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் அவர் கையை விரிக்கிறார். அது கடையில் நிறுத்து வாங்குகிற சாமான் இல்லையாம். அவரவர் மண்டைக்குள் புதிதாகவே கிடக்கிறதாம். பயப்படாமல் எடுத்துப் பயன்படுத்துங்கள். தேய்ந்து போகாது.